துளையிடாத கோப்பை

கெட்டிலைக் கூடையோடு சேர்த்துக் கட்டுவதற்கு முன் மைனாலா அதன் வயிற்றில் கரண்டியால் இரண்டு முறை தட்டிப் பார்த்தாள். டிங், டிங். ஓசை சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் அவள் கரண்டியைக் கீழே வைக்காமல் சற்று நேரம் காது கொடுத்து நின்றாள். சமையல் கொட்டகைக்குக் கீழே லுவாங்வா ஆறு சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. அக்கரையில் ஒரு நீர்யானை கிழவனைப் போலச் செருமியது.

"என்னடி, பதில் வருதான்னு பாக்குறியா?" என்றாள் பலேசி.

காட்டு விலங்குகளைப் பார்க்க வரும் விருந்தாளிகள் தங்கும் அந்த முகாமின் சமையல்காரி பலேசி. கரி அடுப்பில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தவள், திரும்பாமலேயே கேட்டாள்.

"ஓட்டை கீட்டை விழுந்திருக்கான்னு பாத்தேன் அக்கா."

"ஓட்டை விழ வேண்டிய பாத்திரம் வேற. அது எங்கிட்ட வரவே இல்லையே."

மைனாலா கெட்டிலைக் கூடையோடு சேர்த்துக் கட்டினாள். பலேசியிடம் பேசி ஜெயிக்க முடியாது. அவள் புல் குலம். மைனாலாவின் இறந்துபோன கணவன் லூபேனி யானைக் குலம். யானை புல்லைத் தின்னும். கடைசியில் புல்லுக்கு அடியில் போய்ப் படுக்கும். அதனால் யானைக் குலத்துச் சாவுக்குக் குழி வெட்டுவது புல் குலத்தார்தான். வெட்டும்போதே இறந்தவனை வாய் வலிக்கத் திட்டுவார்கள். அது அவர்கள் உரிமை, கோபித்துக்கொள்ளக் கூடாது.

போன வருடம் லூபேனியின் சாவில் புதைப்பதற்கு உடம்பு இல்லை. முகாமின் தேநீர்க்காரன் அவன். விருந்தாளிகளை நடக்கக் கூட்டிப்போன இடத்தில் கோப்பைகளைக் கழுவ ஆற்றில் இறங்கினான். முதலை இழுத்துக்கொண்டு போய்விட்டது. மணலில் அவனுடைய நீலத் தகரக் கோப்பை மட்டும் கிடந்தது. சட்டையையும் செருப்பையும்தான் குழியில் வைத்தார்கள். பலேசி குழிக்குள் குதித்து, "எங்கடா உடம்பு? தன் சாவுக்கே நேரத்துக்கு வராத சோம்பேறி!" என்று கத்தியபோது, அழுதுகொண்டிருந்த பெண்கள் சிரித்து, சிரித்ததற்காக இன்னும் அதிகமாக அழுதார்கள்.

இறந்தவர் புழங்கிய தட்டிலும் கோப்பையிலும் ஆணியால் துளை போட்டுக் கல்லறைமேல் வைக்க வேண்டும். துளை விழுந்த பாத்திரம் இருப்பவர்களுக்கு உதவாது. போனவருக்கு அதுதான் முழுப் பாத்திரம். மைனாலா தட்டைக் கொடுத்தாள். கோப்பை கேட்டபோது முகாமின் வெள்ளைக் கோப்பை ஒன்றை எடுத்துக் கொடுத்துவிட்டாள். நீலக் கோப்பையில் ஆணி இறங்குவதைப் பார்க்க அவளால் முடியாது என்று தோன்றியது. ஒரு வருடமாக அது தேநீர்க் கூடையின் அடியில், துணியில் சுற்றிக் கிடந்தது.

"ஞாயித்துக்கிழமை தவூசேனி வர்றான், தெரியும்ல?" பலேசி ரொட்டியைப் புரட்டினாள்.

தெரியாமல் என்ன? தவூசேனி லூபேனியின் அண்ணன். அவன் வந்து மைனாலாவின் மணிக்கட்டில் வெள்ளைப் பாசிமணிச் சரம் கட்டிவிட்டால் அவள் விதவைக் கோலம் முடிந்தது. அவள் சம்மதம் சொல்லியிருந்த யோபேயைக் கட்டிக்கொள்ளலாம். ஆனால் கட்டுவதற்கு முன் எல்லார் எதிரிலும் அவன் ஒன்று கேட்பான்: தம்பி அடங்கிவிட்டானா? இறந்தவன் அடங்காமல் மணி கட்டினால் கேடு புது மாப்பிள்ளைக்குத்தான். அப்படி ஆற்றோடு போன மாப்பிள்ளைகளின் பெயர்கள் அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும்.

"கேட்டா என்ன சொல்லப் போற?"

"அடங்கிட்டார்னு சொல்லுவேன்."

பலேசி இப்போது திரும்பினாள். மாவுக் கையோடு வந்து கூடைக்குள் எதையோ போட்டாள். "ஒரு ஆணி. சும்மா கெடக்கட்டும். கனமா இருக்காது."

வெளியே யோபேயின் குரல் கேட்டது. "வாலு! கெளம்பலாமா?"

யோபே முகாமின் காவலன். துப்பாக்கியோடு வரிசையின் முன்னால் போகிறவன். அவனுக்குப் பின்னால் விருந்தாளிகள். கடைசியில் தேநீர்க் கூடையோடு மைனாலா. லூபேனி போன பிறகு, துணி துவைத்துக்கொண்டிருந்த அவளுக்கு முகாமில் கொடுத்த வேலை அது. கடைசியில் நடப்பதால் அவள் 'வாலு'. அவளும் விடமாட்டாள்.

"தலை சாப்பிட்டு முடிச்சாச்சா? இல்ல, இன்னும் ஒரு ரொட்டி உள்ள போகுமா?"

"தலைக்கு வயிறு கெடையாது. எல்லாம் வாலு பாத்துக் குடுத்தாதான்."

அவன் சிரித்தபோது மைனாலாவுக்கு நெஞ்சு இளகியது. பெரிய உருவம், மெல்லிய பேச்சு. நீளமான காய்கள் தொங்கும் மரத்தடியில் நின்று போன மாதம், "உனக்குச் சம்மதம்னா சொல்லு. இல்லன்னா வேலையப் பாப்போம், நான் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்க மாட்டேன்" என்று கேட்டான். அவள் சம்மதித்தாள். அன்றிலிருந்துதான் நடையில் அவளுக்குப் பின்னால் கேட்கும் அந்தச் சத்தம் மாறியது.

நாணலிலும் புதரிலும் நடக்கும்போது யாரும் பேசக் கூடாது. காட்டெருமைக்கு மனிதக் குரல் ஆகாது. அதனால் முன்னால் போகிறவன் துப்பாக்கிக் கட்டையில் விரலால் இரண்டு முறை தட்டுவான். வரிசையின் கடைசி ஆள் கெட்டிலில் இரண்டு முறை தட்ட வேண்டும். எல்லாரும் சேர்ந்துதான் வருகிறோம், நலம் என்று அர்த்தம். பதில் வராவிட்டால் முன்னவன் அங்கேயே நின்று, திரும்பி வருவான்.

ஜூன் மாதம், பருவத்தின் முதல் நடையிலேயே அது கேட்டது. யோபே தட்டினான். மைனாலா தட்டினாள். அவளுக்குப் பின்னால், ஆளில்லாத பாதையில், இன்னொரு டிங், டிங். எதிரொலி என்றுதான் முதலில் நினைத்தாள். எதிரொலி மண்மேட்டில் பட்டு வரும், மரத்தில் பட்டு வரும். இது தண்ணீர் முட்ட நிறைந்த பாத்திரத்தைத் தட்டியது போல மந்தமாக, ஈரமாக இருந்தது. அவளுடைய கெட்டிலில் எப்போதும் பாதி தேநீர்தான் இருக்கும்.

அவள் யாரிடமும் சொல்லவில்லை. பயமும் இல்லை. பின்னால் கணவன் நடந்து வருகிறான் என்று ஒரு நிம்மதிகூட இருந்தது. யோபேக்குச் சம்மதம் சொன்ன மறுநாள் முதல், பின்னாலிருந்து வரும் பதில் அவளுடைய பதிலுக்கு முன்னாலேயே வரத் தொடங்கியது.

அந்த வெள்ளிக்கிழமை விருந்தாளிகள் நான்கு பேர். அவர்களில் கடைசியாக நடந்தவர் இங்க்ரிட் என்ற வெள்ளைக்கார அம்மாள், ஓய்வுபெற்ற டாக்டர். பறவை கண்ட இடத்திலெல்லாம் கேமராவை எடுத்துக்கொண்டு நின்றுவிடுவார். வெயில் ஏறுவதற்குள் ஒட்டகச்சிவிங்கிக் கூட்டம் ஒன்றைப் பார்த்தார்கள். சிறுத்தை மரத்தில் தொங்கவிட்ட மானின் பாதி உடலைப் பார்த்தார்கள். பிறகு ஆறு எப்போதோ கைவிட்டுப்போன பழைய தடத்தில் இறங்கினார்கள். அங்கே நாணல் இரண்டு ஆள் உயரம். இங்க்ரிட் அம்மாளின் தொப்பியைத் தாண்டி எதுவும் தெரியவில்லை.

நாணல் நடுவில் மைனாலாவின் கூடைக் கயிறு அவிழ்ந்தது. குனிந்து கட்டிவிட்டு நிமிர்ந்தபோது அவளுக்கும் இங்க்ரிட் அம்மாளுக்கும் நடுவில் ஒரு யானை நின்றது.

எப்படி வந்தது என்று தெரியவில்லை. யானை வரும்போது ஓசை வராது, அது அவளுக்குத் தெரியும். பெண் யானை. வயிற்றுக்கடியில் குட்டி. அதன் பின்னால் இன்னொன்று, இன்னொன்று. மைனாலா மெல்லக் குந்தி உட்கார்ந்தாள். கை நீட்டினால் தொடும் தூரத்தில், சுருக்கம் விழுந்த கால்கள் நாணலை மடக்கிக்கொண்டு போயின.

டொக், டொக். முன்னால் யோபே தட்டினான்.

அவள் தட்டவில்லை. தட்டினால் குட்டி மிரளும், தாய் திரும்பும். தட்டாமல் இருப்பதே போதும். பதில் வராவிட்டால் அவன் நிற்பான், வருவான். அந்த ஒழுங்கை நம்பி அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

டிங், டிங்.

ஆற்றுப் பக்கமிருந்து வந்தது. அவசரமில்லாமல், அவள் தட்டுவது போலவே, முதல் தட்டு கொஞ்சம் அழுத்தி, இரண்டாவது லேசாக.

முன்னால் காலடிகள் மறுபடி நகர்ந்தன.

அவள் கத்த வாயெடுத்தாள். யானையின் காது தலைக்கு மேலேயே விசிறிக்கொண்டிருந்தது. டொக், டொக் என்று இன்னும் தள்ளி யோபே கேட்டான். டிங், டிங் என்று நலம் சொல்லப்பட்டது. காலடிகள் தேய்ந்தன. மூன்றாம் முறை யோபேயின் கேள்வியே சரியாகக் கேட்கவில்லை. பதில் மட்டும் பக்கத்தில் கேட்டது.

யானைகள் போன பிறகு அவள் எழுந்தாள். நாணல் மிதிபட்டுப் பாதை அழிந்திருந்தது. வெளிச்சம் தெரிந்த பக்கமாக நடந்தாள். நாணல் முடிந்ததும் ஆறு. எதிரே செங்குத்தான மண்கரை. அதில் ஆயிரக்கணக்கான பொந்துகள். பொந்துக்குப் பொந்து செந்நிறப் பஞ்சுருட்டான் பறவைகள் பூப்போல ஒட்டிக்கொண்டிருந்தன. அந்தக் கரைக்கு எதிர்மணலில்தான் போன வருடம் நீலக் கோப்பை கிடந்தது.

ஓயாமல் கத்தும் அந்தப் பறவைகள் எல்லாம் வாயை மூடிக்கொண்டு அவளைப் பார்த்தன.

டிங், டிங்.

இப்போது தண்ணீருக்குள்ளிருந்து. யோபே அந்த நேரம் எங்கும் தட்டவில்லை. இது பதில் அல்ல, கேள்வி. இத்தனை நாள் வாலாகப் பின்னால் வந்தவன், தலையாக முன்னால் போய் நின்றுகொண்டு கேட்கிறான்: வருகிறாயா?

மைனாலாவின் கை தானாகக் கரண்டியை எடுத்தது. கேட்டால் தட்ட வேண்டும். ஐந்து மாதப் பழக்கம் அது. கரண்டி கெட்டிலைத் தொட ஒரு விரற்கடை இருந்தது. காற்று வீசாதபோதும் தண்ணீரில் ஒரு அலைமடிப்பு கரையை நோக்கி மெதுவாக வந்துகொண்டிருந்தது.

அவள் கரண்டியைத் தாழ்த்தினாள். தண்ணீரிலிருந்து நன்றாகத் தள்ளி மணலில் உட்கார்ந்து, கூடையின் அடியில் கைவிட்டுத் துணியைப் பிரித்தாள்.

"இதுக்குத்தானே?" என்றாள். "தெரியும். நாந்தான் ஒளிச்சு வெச்சேன். உன் வாய் பட்ட எடத்துல ஆணி எறங்கறத எப்பிடிப் பாக்குறதுன்னு ஒளிச்சு வெச்சேன்."

மடிப்பு நின்றது.

"அஞ்சு மாசமா பின்னாலயே வந்த. நானும் வரட்டும்னு விட்டேன். அதுல எனக்கும் ஆசை இருந்துச்சு, இல்லேன்னு சொல்லல. ஆனா இன்னிக்கு என்ன பண்ணின? நான் நல்லா இருக்கேன்னு எனக்குப் பதிலா நீ சொன்ன. யானை நடுவுல நான் செத்துக்கிட்டிருந்தேன், நீ, அவ நல்லா இருக்கான்னு சொல்லி அந்த மனுசன அனுப்பி வெச்ச. நான் நல்லா இருக்கேனா இல்லையான்னு நாந்தான் சொல்லணும் லூபேனி. உயிரோட இருந்தப்பவும் உனக்கு அந்தப் புத்திதான்!"

சொல்லி முடித்ததும் அழுகை வந்தது. அழுதுகொண்டே கோப்பையைக் கவிழ்த்து, பலேசி போட்ட ஆணியை அடியில் வைத்து, கல்லால் அடித்தாள். நீலப் பூச்சு செதில் செதிலாகத் தெறித்தது. மூன்றாவது அடியில் ஆணி இறங்கியது. அந்தச் சத்தத்துக்கு எதிர்க்கரையில் எல்லாப் பறவைகளும் ஒரே உதறலில் எழுந்து ஆகாயம் சிவந்தது.

கோப்பையை மணலில் நிறுத்தி, அவனுக்கு எப்போதும் போடுவது போல நாலு கரண்டி சர்க்கரை போட்டு, தேநீரை ஊற்றினாள். ஊற்ற ஊற்ற அடியிலிருந்து மணல் குடித்துக்கொண்டது.

"கலக்கல. நீயே கலக்கிக்கோ. எனக்கு நேரமாச்சு." கரண்டியைக் கோப்பையிலேயே விட்டுவிட்டு எழுந்தாள். கல்லறையிலிருந்து திரும்புவது போல, பின்னால் பார்க்காமல் நடந்தாள்.

நாணலைப் பிளந்துகொண்டு யோபே ஓடி வந்தான். அவன் அப்படி ஓடி அவள் பார்த்ததில்லை.

"வாலு! ஒனக்கு ஒண்ணும் இல்லையே? அந்த அம்மா திரும்பிப் பாத்துட்டு, பின்னால ஆளே இல்லையேன்னாங்க. எனக்கு உசுரே இல்ல. நான் கேட்டேன், நீ தட்டினியே! மூணு வாட்டியும் தட்டினியே!"

"நான் ஒரு வாட்டியும் தட்டல."

அவன் அவளுடைய கையைப் பார்த்தான், கரண்டி இல்லை. அவளுக்குப் பின்னால் ஆற்றைப் பார்த்தான். பிறகு அவளுடைய கூடையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டான்.

"நீ முன்னால நட. நான் பின்னால வர்றேன்."

"துப்பாக்கி பின்னால வந்தா விருந்தாளி என்ன நெனப்பாங்க?"

"என்னவேணா நெனச்சுக்கட்டும்."

ஞாயிற்றுக்கிழமை தவூசேனி வந்தான். சமையல் கொட்டகைக்கு வெளியே பாய் விரித்து, சோளக்களியும் வெண்டைக்காய்க் குழம்பும் வைத்தார்கள். மெலிந்த, சிரிக்காத மனிதன். உள்ளங்கைகளைக் குவித்துத் தட்டி எல்லாரையும் வணங்கினான். வெள்ளை மணிச் சரத்தை மடியில் வைத்துக்கொண்டு கேட்டான்.

"தம்பி பொண்டாட்டி, அவன் அடங்கிட்டானா?"

மைனாலா 'அடங்கிட்டார்' என்று சொல்லத்தான் உட்கார்ந்திருந்தாள். யோபேயைப் பார்த்தாள். கேடு வந்தால் அவனுக்கு வரும். வாய் வேறு சொன்னது.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் அடங்கல, பெரியத்தான். நீலக் கோப்பைய நான் குடுக்காம வெச்சிருந்தேன். வெள்ளிக்கிழமை ஓட்டை போட்டு ஆத்தங்கரையில வெச்சேன். அப்புறம் சத்தம் இல்ல."

"வாங்கிக்கிட்டானா?"

"தெரியல. நான் திரும்பிப் பாக்கல."

தவூசேனி மணிச் சரத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். "தெரியாம கட்ட மாட்டேன். இந்தப் பையனும் ஒரு தாய் பெத்த புள்ளதான்."

யோபே தலையைக் குனிந்துகொண்டான். பலேசி எழுந்து சேலைபோல் சுற்றியிருந்த துணியைத் தட்டிவிட்டாள். "எதுக்கு எல்லாரும் எழவு வீடு மாதிரி உக்காந்திருக்கீங்க? படகு இருக்கு, பகல் இருக்கு. போயிப் பாத்துட்டு வருவோம். யானைக் குலத்துக்கு எல்லாத்தையும் புல்லுதான் சொல்லிக் குடுக்கணும்."

நாலு பேரும் படகில் போனார்கள். வழியெல்லாம் பலேசி லூபேனியைத் திட்டிக்கொண்டே வந்தாள். அவன் வாங்கித் தராத துணிகளை, அவன் குறட்டையை, கல்யாணத்தில் அவன் ஆடிய ஆட்டத்தை. தவூசேனியே ஒரு தடவை உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினான். மணல் திட்டைச் சுற்றியதும் அவள் பேச்சு நின்றது.

கோப்பை வைத்த இடத்திலேயே இருந்தது. சுற்றிலும் மணலில் ஒரு பறவையின் கால்தடம்கூட இல்லை. யோபே படகை நெருக்கிக்கொண்டு போனான்.

கோப்பை நிறைந்திருந்தது. விளிம்பு வரைக்கும், செம்பழுப்பாக, தெளிவாக. கரண்டி அதில் சாய்ந்து நின்றது. அடியில் மணல் காய்ந்து வெளுத்துக் கிடந்தது. இரண்டு நாள் வெயில். மழை இல்லை. அந்த ஓட்டையிலிருந்து ஒரு சொட்டும் விழவில்லை.

யாரும் தொடவில்லை.

"வாங்கிக்கிட்டான்," என்றான் தவூசேனி. பிறகு பையிலிருந்து மணிச் சரத்தை எடுத்து, படகிலேயே, மைனாலாவின் மணிக்கட்டில் கட்டினான். முடிச்சு ஒரே தடவையில் விழவில்லை.

"போய் நல்லா இரு, தங்கச்சி," என்றான். முதல் முறையாக அவளைத் தங்கை என்று கூப்பிட்டான்.

யோபே படகைத் திருப்பினான். முன் முனையில் நின்றவன், பழக்கத்தில், பலகையில் விரலால் இரண்டு முறை தட்டினான். டொக், டொக். தட்டிய பிறகுதான் என்ன செய்தோம் என்று உணர்ந்து உறைந்தான்.

ஆற்றிலிருந்து எதுவும் வரவில்லை. மைனாலா விரல் முட்டியால் படகின் விளிம்பில் தட்டினாள். முதலாவது அழுத்தி, இரண்டாவது லேசாக. யோபே திரும்பி அவளைப் பார்த்தான். அவள் தலையசைத்தாள்.

படகு திட்டைத் தாண்டும்போது, பின்னால், மணல் பக்கத்தில், மெல்லிய ஓசை ஒன்று தொடங்கியது. தகரக் கோப்பைக்குள் கரண்டி சுற்றிச் சுற்றி வரும் ஓசை. நாலு பேருக்கும் கேட்டது. நாலு பேரும் நேராக முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நாலு கரண்டி சர்க்கரை," என்றாள் பலேசி, மிகத் தணிந்த குரலில். "கரைய நேரமாகும். நீ படகை விடு."